சொல்லிக்காமல் போனவருக்கு

பிள்ளையோட அப்பாவுக்கு,

போன் போட்டா எடுக்க மாட்டேங்கீக. அதான் இதை எழுதி, உங்க கூட லாரி ஓட்டுற மாரிச்செல்வம் அண்ணாச்சிகிட்ட, துவைச்ச சட்டையோட குடுத்துவிடுதேன்.

என்கிட்ட பேசாம, உங்க அக்காவுக்குப் போன் போட்டு "அவ சாப்பிட்டாளா"ன்னு கேக்கீகளாம். நான் என்ன அடுத்த வீட்டுக்காரியா? சாப்பிட்டேன். கோவத்துல ரெண்டு தட்டு சாப்பிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள், பையைத் தூக்கிக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லாம ஹார்பருக்குக் கிளம்பிட்டீக. நான் வாசல்லதான் நின்னேன். "துட்டி வீட்டுல இருந்து கிளம்பும்போது போயிட்டு வாரேன்னு சொல்லக்கூடாதுல்லா"ன்னு உங்க அக்கா எனக்குச் சமாதானம் சொல்லுதாக. அது சாவுக்குத் துட்டி கேக்க வந்தவங்களுக்கு. உங்களுக்குமா? வந்தவங்களோட வந்தவரா நீங்களும் எந்திரிச்சுப் போயிட்டா, நான் யாரைக் கட்டிக்கிட்டு அழ?

சைக்கிள் வாங்கிக் குடுத்தது நீங்கன்னு நான் ஒரு நாளும் வாயைத் திறக்கல. திறந்துருவேன்னு பயந்துதான் என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கீகளா? பிள்ளை கேட்டா, நீங்க வாங்கிக் குடுத்தீக. எந்த அப்பாவும் அதைத்தான் செய்வாரு. இதைச் சொல்லக்கூட நீங்க என் எதுக்க உக்கார மாட்டேங்கீக.

அன்னைக்குக் காலையில பிள்ளை "போயிட்டு வாரேம்மா"ன்னு வாய் நிறையச் சொல்லிட்டுத்தான் சைக்கிள்ல ஏறினா. வரல.

சொல்லாம போன நீங்களாவது வந்து சேருங்க.

பிள்ளையோட அம்மா