வோல்ட்டர் தெரிந்தெடுத்த துவக்கு

ரொறன்ரோ,
ஆனி 2009

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அகதி முகாமில் உங்கள் கால் புண் ஆறிவிட்டதா? ஊருக்கு வரும் கமலாம்பிகை அன்ரியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

பயப்படாதீர்கள், எங்கள் வீட்டுக்கு ஒரு துவக்கு வந்திருக்கிறது. மேல்மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் வோல்ட்டர் வாங்கியது. இப்போது எவரும் செய்யாத பழங்காலத் தோட்டாக்களைத் தானே செய்து, சுட்டுப் பார்க்கப் போகிறாராம். அதற்காக ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும் துவக்குகளை மாதக்கணக்காக ஆராய்ந்தார். நடுவில் மடிவதை விட்டுவிட்டு, பின்புறம் தடித்த இரும்புக் கட்டையால் அடைபடுவதை எடுத்தார். பழக்கமில்லாத தோட்டாவின் அழுத்தத்தை அதுதான் தாங்குமாம்.

மாமி உடனே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார். “துவக்குள்ள வீட்டில இனி இருக்கேலாது! உவர் ஆரைச் சுடப்போறார்?”

“கடதாசியில கீறின வட்டத்தை, மாமி.”

“கடதாசியையோ? உதுக்கே இவ்வளவு ஆராய்ச்சி!” மாமி சிரித்தபடியே பெட்டியை அவிழ்த்தார்.

ஒரு வெடி வைத்தால், அது எங்கே பட்டதென்று வோல்ட்டர் நடந்துபோய்ப் பார்ப்பாராம். பிறகு ஆறுதலாக ஒரு கோப்பி குடித்துவிட்டுத்தான் அடுத்த வெடியாம். இப்படியும் ஒரு துவக்கு உலகத்தில் இருக்கிறது, அப்பா! கடைசிச் சண்டையில் அங்கேயும் வெடிக்கு வெடி அவ்வளவு இடைவெளி விட்டிருந்தால், அம்மா தண்ணீர் அள்ளிக்கொண்டு திரும்பி வந்திருப்பார்.

அன்ரி வாசலில் நிற்கிறார். உங்கள் சட்டை அளவை எழுதி அனுப்புங்கள். உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

மகள்
நிலாணி