பெரட்டில் கூப்பிட்ட பேர்

தெமோதரை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சிவானுஜாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி பிரஷாந்தினி எழுதுவது. மழை விடவில்லை என்பதைத் தவிர இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். கேட்டால் நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன்மா என்பாய், அதை நம்பி நம்பி எனக்கு அலுத்துவிட்டது. போனில் பேசலாமே என்று அப்பா சொன்னார். போனில் நீ அழ ஆரம்பித்தால் நான் திட்டுவதைப் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால்தான் கடிதம். முழுசாகத் திட்ட வேண்டும். இவள் முதலில் அம்மா மனவருத்தத்துடன் இருக்கிறார் என்று எழுதினாள், கோபம் என்று போடுடி என்று வெட்டச் சொன்னேன். அந்தக் கறுப்பு வெட்டு அதுதான்.

கொழும்பில் கோடிங் படிக்கப் போன இடத்தில், அன்றன்றைக்குப் படித்ததை பிளாக்கில் எழுதுங்கள் என்று படிப்பிக்கிற சேர் சொன்னதாகச் சொன்னாய். நல்ல விஷயம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ எழுதியிருப்பது படிப்பா? ஒரு வரி கம்ப்யூட்டரைப் பற்றி, மிச்சமெல்லாம் என் முழங்காலைப் பற்றி. நான் கொழுந்து மலையில் தண்ணீர் ஓடுகிற கானைத் தாண்டும்போது வழுக்கி விழுந்ததை உனக்கு யார் சொன்னது என்று எனக்குத் தெரியும், இதை எழுதிக்கொண்டிருக்கிறவள்தான், இப்போது தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாள். அவள் சொன்னால் நீ என்னிடம் கேட்க வேண்டியதுதானே? அம்மாவுக்கு முடியவில்லை, அம்மா வேலையை விட்டால் வீட்டில் யாருக்கும் தேயிலைத் தோட்டத்தில் பேர் இருக்காது, குடியிருக்கத் தந்த லயத்தைத் திருப்பிக் கேட்பார்கள், அதனால் மாசக் கடைசியோடு படிப்பை விட்டுவிட்டு வந்து நானே வேலைக்குப் பேர் பதியப் போகிறேன் என்று ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதி வைத்திருக்கிறாய். எனக்கு மட்டும் சொல்லவில்லை.

எனக்கு அது எப்படித் தெரிந்தது தெரியுமா? லயத்தில் பக்கத்துக் காம்பரா பூவம்மாவின் மகன் சுஜன் கட்டாரில் உட்கார்ந்து அதைப் படித்திருக்கிறான். அவன் தன் அம்மாவுக்குப் போன் பண்ணினான். அவள் தண்ணீர் பிடிக்கப் பீலியடிக்கு வந்து, குடம் நிறைகிறவரை சும்மா இருந்துவிட்டு, ஏங்க்கா ஒங்க மக கொழுந்தெடுக்க வரப்போறாளாமே, கம்ப்யூட்டர் கசந்து போச்சா என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் தெரிந்த மாதிரிச் சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து இவளைப் பிடித்து உட்கார வைத்து முழுவதையும் வாசிக்கச் சொன்னேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், அது வேறு விஷயம். அப்பா இரண்டாம் தரமும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய் நிற்கிறேன், அழகர் கங்காணி வரிசையாகக் கூப்பிடுகிறார். பூவம்மா, அடுத்து விஜயலெட்சுமி என்று என்னையும் கூப்பிட்டுவிட்டு, சிவானுஜா என்றார். திரும்பவும் சிவானுஜா என்றார். அது இங்க இல்ல, கொழும்புல இருக்கு, அங்க போய்க் கூப்பிடுங்க என்றேன். அவருக்கு ரோசம் வந்துவிட்டது. ஒங்க புள்ளதானே போன்ல எழுதியிருக்கு, நான் என்ன கனவா கண்டேன், வயசுப் புள்ளைக யாரும் பேர் குடுக்க மாட்டேங்குதுக, இது ஒண்ணாச்சும் வருதேன்னு ஆபிசுல சொல்லி எழுத வச்சேன், எழுதுன பேரக் கூப்பிடத்தானே வேணும் என்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. வருகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் இங்கே அது சொன்னதுதான், விளையாட்டுக்கு எழுதினேன் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. பேரை வெட்டுங்கள் என்று ஆபிஸ் வரைக்கும் நொண்டிக்கொண்டு போனேன். நீங்க சொல்லி வெட்ட முடியாதும்மா, பேருக்குரிய ஆள் சொல்லட்டும், மாசக் கடைசி வரைக்கும் பாப்போம் என்று அனுப்பிவிட்டார்கள்.

வகுப்பில் சேர் இங்கிலீஷில் வேகமாகப் பேசும்போது ஒன்றும் விளங்காமல் தலையாட்டுகிறேன், மற்றப் பிள்ளைகள் எல்லாம் எழுதி முடித்துவிடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். படிப்பை விடுவதற்கு உண்மையான காரணம் அதுதான் என்று எனக்குத் தெரியாதா? என் முழங்காலை ஏன் முன்னால் நிறுத்துகிறாய்? பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் கடகடவென்று சொன்னதை நான் மூன்று தரம் திருப்பிச் சொல்ல வைத்தேன். அவருக்கு எரிச்சல்தான். எரிச்சல் பட்டால் படட்டும், முழங்கால் என்னுடையது. நீயும் கையைத் தூக்கிக் கேள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். காலுக்கு மருந்து பூசுகிறேன், இப்போது கீழ் மலையில்தான் வேலை, ஏற்றம் இல்லை. லயத்தைப் பற்றி நானும் அப்பாவும் பார்த்துக்கொள்வோம். அவர் பண்டாரவளையில் மேசன் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். யாரும் இன்னும் வந்து சுவரைத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

பிளாக்கை நிறுத்து என்று நான் சொல்லவில்லை, எழுது. ஆனால் வீட்டு விஷயத்தை முதலில் வீட்டுக்குச் சொல், பிறகு கட்டாருக்குச் சொல்.

இன்னும் ஒன்று, இதை எழுதாதே என்று இவளிடம் சொன்னேன், எழுதத்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். பெரட்டில் உன் பேரைக் கூப்பிட்டபோது நான் உடனே பதில் சொல்லவில்லை. சத்தமில்லாமல் வந்து எங்கேயாவது நிற்கிறாயோ என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். பாதை முழுக்கப் பனிமூட்டம்தான் இருந்தது. உன்னைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று, எனக்கு ஆசை இல்லாமலா? ஆனால் கூடையோடு நின்று அந்தப் பேருக்கு நீ பதில் சொல்வதைக் கேட்க என்னால் முடியாது, மகளே. லீவு கிடைத்தால் வா. பேர் பதிய வராதே.

முருகன் துணையிருப்பான், உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பதாக நினைத்துக்கொள். ஈரத் தலையோடு படுக்காதே, இரவில் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. அழகர் கங்காணியின் போன் நம்பர் பின்பக்கம் இருக்கிறது. வரமாட்டேன் என்று நீயே அவரிடம் சொல். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத அம்மா,
விஜயலெட்சுமி