நெஞ்சுக்கு ஒன்றும் இல்லாத வாரம்

அன்பு மகள் லிஷாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் உன் தம்பி ஜெய்சனும் சுகம், குவைத்தில் நீயும் மருமகனும் பிள்ளையும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். போன் இருக்க இதென்ன காகிதம் என்று நினைப்பாய், போனில் பேசினால் ஜெய்சன் பக்கத்திலேயே இருக்கிறான், அதனால் லீவு முடிந்து அங்கே வரும் நம்மூர் நிபின் கையில் கொடுத்துவிடுகிறேன். கருவாடும் உண்டு, அம்மா உறைமேல் உறை போட்டுக் கட்டியும் மணக்கிறது.

போன மாதமும் ஜெய்சனுக்கு நெஞ்சு இறுக்கம் வந்தது. தனுவச்சபுரத்தில் அவன் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையிலிருந்து கூப்பிட்டார்கள், வழக்கம்போல் திருவனந்தபுரத்துக்கு ஓடினோம், எக்கோ எடுத்தார்கள், சிறுவயதில் ஆபரேஷன் செய்த வால்வு நன்றாகவே இருக்கிறது. இந்த முறை இருதய டாக்டர் எங்களை மனநல டாக்டரிடம் அனுப்பினார். உன் அம்மாவுக்குக் கோபம், எனக்கோ அங்கே என்னதான் சொல்வார்கள் என்று கேட்க ஆசை. அவன் உயரம் வைக்காததற்கும் வால்வு கெட்டதற்கும் காரணமான அந்த நூனன் நோய் உள்ளவர்களில் சிலருக்குப் பெரியவர்களான பிறகு மனப்பதற்றம் வருமாம், ஆனால் அது பயமா வருத்தமா என்று அவர்களுக்கே பிடிபடாதாம், உடம்பில்தான் தெரியுமாம். நடிப்பில்லை, இறுக்கம் மெய்தான் என்றும் டாக்டர் சொன்னார். பிறகு, எப்போதெல்லாம் வருகிறது என்று கேட்டார். கடலில் வள்ளத்து எஞ்சின் இருமினால் நான் முதலில் கேட்பது அதைத்தானே, இவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை பார். மூச்சு முட்டுதா, நெஞ்சு வலிக்கா என்று கேட்டே வளர்த்திருக்கிறோம்.

அதுமுதல் எனக்கு அவனைக் கவனிப்பதுதான் வேலை. உன் போன் வராமல் வாரங்கள் போனால்தான் இறுக்கம் வருகிறது. இறுக்கம் என்று கேட்டால் நீ அன்றே வீடியோவில் வந்துவிடுவாய், அவன் முகமும் தெளிந்துவிடும். போன சனிக்கிழமை சாப்பிடும்போது, நெஞ்சு கிடக்கட்டும் மக்கா, மனசுக்கு எப்படி உண்டு என்று கேட்டேன். அவன் கையில் குழம்பு காய்ந்துவிட்டது. பிறகு, பயமாக்கும் அப்பா என்றான். என்ன பயம் என்றேன். நெஞ்சுக்கு ஒண்ணும் இல்லேன்னா அக்கா கூப்பிட மாட்டா இல்லியா என்றான். முப்பத்தொரு வயதில் முதல் தடவையாகப் பயம் என்று சொல்லியிருக்கிறான், எனக்குச் சந்தோஷமும் வந்தது, அழுகையும் வந்தது.

உன்மேல் குறையில்லை மகளே, உன் ஆஸ்பத்திரி ஷிப்டும் பிள்ளைப்பாடும் எனக்குத் தெரியும். ஆனால் அவனிடம் நர்சாகக் கேட்காதே. கடையில் இன்றைக்கு யார்மேல் கோபம் வந்தது என்று கேள், பதில் வர நேரமாகும், வைத்துவிடாதே. மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும், பிள்ளைக்குத் தாத்தாவின் முத்தம். கருவாட்டைப் பிரித்ததும் வெயிலில் காட்டு. இந்த வாரம் அவன் நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை. கூப்பிடு.

உன் அப்பா,
இக்னேஷியஸ்