மோட்டார் நின்றால் கேட்கும் கேள்வி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை மறக்காமல் போடச் சொல்லுங்கள். நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

கிடைத்த இரண்டு வேலைகளில் எதை எடுப்பது என்று உங்கள் தலையையும் சேர்த்து உருட்டினேன் அல்லவா? முடிவு செய்துவிட்டேன். பளபளக்கிற பெரிய கம்பெனி இல்லை, அந்தச் சின்ன கம்பெனிதான். காரணத்தைக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

அங்கே நேர்காணல் நடந்துகொண்டிருக்கும்போதே அவர்களுடைய வெப்சைட் படுத்துவிட்டது. என்னை மறந்துவிட்டு எல்லோரும் ஒரு கம்ப்யூட்டரை மொய்த்துக்கொண்டார்கள். என் வாய் சும்மா இருக்குமா? வீட்டில் மோட்டார் நின்றால் நீங்கள் போடுகிற அதே அதட்டலைப் போட்டுவிட்டேன்.

"கடைசியா இதைத் தொட்டது யாரு?"

நம் வீடாக இருந்தால் அண்ணன் மொட்டைமாடிக்கு ஓடியிருப்பான், அம்மா என்னைக் கை காட்டியிருப்பாள். அங்கே ஓர் அக்கா சட்டென்று கையைத் தூக்கி, "நான்தாம்மா. காலையில ப்ரோகிராம்ல ஒரு வரி மாத்தினேன்" என்றார். யாரும் முறைக்கவில்லை. மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வா, சேர்ந்தே பாத்துடலாம்" என்றார்.

புதிதாகச் சேருகிற நான் தப்புப் பண்ணாமலா இருக்கப்போகிறேன்? பண்ணினால் பயமில்லாமல் சொல்கிற இடம் வேண்டாமா, அப்பா?

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. குக்கர் கேஸ்கட்டைக் காணவில்லை, அம்மாவிடம் சொல்லி ஒன்று அனுப்பிவையுங்கள். கடைசியாகத் தொட்டது யார் என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த அறையில் என்னை விட்டால் ஆளே கிடையாது.

உங்கள்
வாயாடி