எட்ட நிற்கும் சர்க்கரை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். இந்த முறை இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. எல்லோரும் தூங்கியபின் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் அப்பாவின் தலையணைக்குக் கீழே இருக்கிறது. அதனால்தான் உன் மருந்துப் பெட்டிக்குள், ஐஸ் பைகளுக்கு அடியில் இந்தக் கடிதம்.

இந்தப் பெட்டியில் உள்ள ஊசி மருந்தைப் பயப்படாமல் போட்டுக்கொள். அது பழையது, நல்லது. அப்பா அதை ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் தேடி எடுத்தபோது, "புதுசுதான் இருக்கேப்பா?" என்று கேட்டேன். "அதை அக்காவுக்கு அனுப்ப வேணாம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மருந்தில் ஏன் சர்க்கரை சேர்க்கிறார்கள் என்று அப்பா சொன்னது நினைவிருக்கிறதா? ரத்தத்தை உறையவைக்கும் உன் மருந்து ஒரு புரதம். மடிந்த மடிப்போடு இருந்தால்தான் வேலை செய்யும். சர்க்கரை அதை ஒட்டாமல் எட்டவே நிற்கும். அதனால் தண்ணீர் புரதத்தை நெருங்கிச் சூழ்ந்துகொள்ளும், மடிப்பு கலையாது. யூரியா போன்றவை ஒட்டி உரசியே மடிப்பைப் பிரித்துவிடும். "சர்க்கரை எட்ட நிக்கிற சம்பந்தி மாதிரிடி, வீடு கலையாது" என்று சொல்லி அம்மாவிடம் முறைப்பு வாங்கினாரே!

புது மருந்தில் அந்தச் சர்க்கரை இல்லை, அக்கா. அப்பா அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். தொழிற்சாலையில் அப்பா அதைக் கரைத்துத் தனிக் கேனில் வைத்திருந்தார். ஷிப்ட் மாறும் நேரம். அடுத்து வந்தவர் ஊற்றுவார் என்று அப்பா நினைத்தார். அப்பா ஊற்றிவிட்டார் என்று அவர் நினைத்தார். கேன் நிறைந்தபடியே மூலையில் இருந்ததைப் பார்த்தபோது, மருந்தைக் குப்பிகளில் உறையவைத்து உலர்த்தியாகிவிட்டது. தண்ணீரில் கலக்கியதும் தெளிவாக இருந்ததால் சோதனையில் தேறிவிட்டது. ஆனால் அப்பா ஒரு குப்பியை வீட்டில் கலக்கி வைத்ததை நான் பார்த்தேன். சாப்பிட்டு எழுவதற்குள் உள்ளே வெள்ளை நூல்கள் மிதந்தன.

மெத்தென்று பேசுவதால் நாம் 'பஞ்சு' என்று பெயர் வைத்த அப்பாவின் மேலாளர் தினமும் மாலையில் வருகிறார். சோபாவில் அவ்வளவு இடம் இருந்தும் அப்பாவை ஒட்டியே உட்காருகிறார். "கண்ணாடியாட்டம் இருக்கே சார், இன்னும் என்ன யோசனை? வெளிய தெரிஞ்சா மொதல்ல மாட்டுறது நீங்கதான்" என்று மெதுவாகச் சொல்கிறார். "உங்க பெரிய பொண்ணு மருந்துச் செலவையும் நாமதானே பாத்துக்கிறோம்" என்று இன்று சிரித்தார். அம்மா தேநீர்த் தம்ளரோடு கதவருகிலேயே நின்றுவிட்டாள். முதலில் அப்பா முடியவே முடியாது என்றார். நேற்று, பார்க்கலாம் என்றார். இன்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை அந்தப் புது மருந்தோடு லாரி கிளம்புகிறது. அதற்கு அப்பா கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் பெட்டி முந்தின நாளே உன் கைக்கு வந்துவிடும். உடனே அப்பாவிடம் பேசு. நான் சொன்னால் "போய்ப் படி" என்பார். பல் விழுந்த இடத்தில் உனக்கு ரத்தம் நிற்காமல், விடிய விடிய உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அதைச் சொல். உன்னைப் போல இன்னும் எத்தனை பேரோ! அவர்களுக்கு யாரும் அடித்தட்டில் தேடி எடுத்து அனுப்ப மாட்டார்கள்.

அப்பா கையெழுத்துப் போடும் பேனாவால்தான் இதை எழுதினேன். வேறு பேனா கிடைக்கும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் இதையும் பெட்டிக்குள் வைக்கிறேன். திருப்பி அனுப்பாதே.

படிகளில் பார்த்து இறங்கு, அக்கா. உன்னைப் போன்ற அவர்களும் பார்த்து இறங்கட்டும்.

உன் தங்கை