மார்க் போடாத துண்டுச் சீட்டு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் போனபாடில்லை, மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்டாள், நீ கேட்டால் சொல்ல மாட்டாள். உன் தம்பி வேலை மாறிவிட்டான், புலம்பல் மட்டும் மாறவில்லை. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடு.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. விடுமுறையில் ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள் என்று சொன்னேன் அல்லவா, வளரறி மதிப்பீடு என்று பெயர், பரீட்சை வரை காத்திருக்காமல் பாடம் நடக்கும்போதே பிள்ளைக்கு எங்கே தடுக்கிறது என்று பார்த்து மறுநாள் பாடத்தை அதற்கேற்ப மாற்றுவது. இருபத்தெட்டு வருஷம் கணக்கு நடத்தியவனுக்கு இவர்கள் என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்று கடுப்போடுதான் போனேன். பயிற்சி கொடுத்த அம்மாள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: வகுப்பு முடியும்போது ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, புரியாததை எழுதித் தர வேண்டும், மார்க் கிடையாது. செய்து பார்த்தேன். ஆசிரியர் அறையில் நாங்கள் ஊமைக்கோட்டான் என்று கேலி பேசும் பெண் ஒருத்தி, இரண்டு வருஷமாக வாய் திறக்காதவள், 'கீழ இருக்கிற எண் பெருசானா பின்னம் ஏன் சார் சின்னதாகுது' என்று எழுதியிருந்தாள். மறுநாள் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு ஒரு தாளை இரண்டாக, நான்காக, எட்டாகக் கிழித்துக் காட்டினேன். அன்றைக்கு அவள் தானாகக் கை தூக்கினாள். மூன்றே மாதத்தில் பாதி வகுப்பு தேறியது, பொய்யில்லை.

அந்தச் சீட்டுகளைப் பத்திரமாகக் கோப்பில் கோத்து வைத்ததுதான் நான் செய்த மடத்தனம். மேற்பார்வைக்கு வந்த அதிகாரி அதைப் புரட்டிவிட்டு, "என்ன சார், பக்கத்துக்குப் பக்கம் புரியல புரியலன்னே இருக்கு, பாடமே எடுக்கிறதில்லையா" என்றார். பக்கத்து வகுப்பு வாத்தியார் பலே ஆள், 'நன்றாகப் புரிந்தது' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு நாற்பது பேரையும் பார்த்து எழுத வைத்திருந்தார். அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ், எனக்கு விளக்கம் கேட்டு மெமோ. தலைமையாசிரியர் என் வகுப்புக்கே வந்து, "உங்களாலதான் பள்ளிக்கூடத்துக்கே கெட்ட பேரு" என்று பிள்ளைகளைக் காய்ச்சி எடுத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. மறுநாள் என் வகுப்பின் நாற்பது சீட்டிலும் 'நன்றாகப் புரிந்தது'. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன், என் முகத்தைப் பார்க்காமல் "புரிஞ்சுது சார்" என்றாள்.

அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். ஆறாம் வகுப்பில் என்னிடமே கணக்குப் படித்தபோது நீ எழுந்து நின்று பின்னம் புரியவில்லை என்றதற்கு எல்லோர் முன்னாலும் உன் தலையில் குட்டினேன். வாத்தியார் மகளுக்கே புரியவில்லையா என்று எனக்கு அவமானம். அதற்குப் பிறகு நீ எதுவும் புரியவில்லை என்று என்னிடம் சொன்னதே இல்லை. அதிகாரியைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, நீயே சொல்.

நோய்நொடி இல்லாமல் நெடுநாள் நன்றாயிரு. அம்மாவும் ஆசி சொல்கிறாள், அவளுக்குத் தனியாக நாலு வரி எழுத மறக்காதே. நாலு வருஷமாக உன் எல்லாக் கடிதத்திலும் 'நான் நன்றாக இருக்கிறேன் அப்பா' என்ற அதே வரிதான் வருகிறது. இத்துடன் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். உள்ளதை எழுதி அனுப்பு. இந்தத் தடவை குட்ட மாட்டேன்.

உன் அப்பா