நான் அடைத்த ஓட்டை

மேற்குத் தாம்பரம்,
7-3-93, ஞாயிறு.

அன்புள்ள மகள் தபீதாளுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் அம்மாவும் நல்ல சுகம். பூனாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். நீ போட்ட இரண்டு கடிதமும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. பதில் வராததற்குத் தபால்காரரைத் திட்டாதே, குற்றம் என்னுடையது. அப்பாவுக்கு ஷெட்டில் வேலை அதிகம் என்று அம்மா எழுதியிருப்பாள். அதை நீ நம்பியிருக்கவும் மாட்டாய்.

அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார், அவர் சொன்னதற்காகவே இவள் துணியை மாடியில்தான் காயப்போடுவேன் என்று நிற்கிறாள். தண்ணீர் இப்போதே பஞ்சம், கிணற்றில் வாளி தரை தட்டுகிறது, லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. லாரி சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டுக் கனகவல்லி டீச்சர் வெளியே வந்து தெருவையே வரிசையில் நிறுத்திவிடுகிறார், ரிட்டயர் ஆகியும் பள்ளிக்கூடப் பழக்கம் போகவில்லை. லெந்து நாட்கள், நோன்புக் காலம் என்று வீட்டில் கறி மீன் கிடையாது, கீரையும் பருப்பும் போட்டே என்னை ஒரு சுற்று இளைக்க வைத்துவிட்டாள் உன் அம்மா. முடிச்சூர் ரோட்டில் ஜல்லி லாரிகள் முன்னைவிட இரண்டு மடங்கு ஓடுகின்றன, காலையில் துடைத்து வைத்த ஸ்பானர் மத்தியானத்துக்குள் மாவு பூசினதுபோல் ஆகிவிடுகிறது. ஷெட்டின் தூசியும் உனக்குத் தெரியும், என் குணமும் தெரியும். கழற்றின குழாய் எதுவானாலும் அதன் வாயில் துணியோ கட்டையோ அடைக்காமல் நான் டீ குடிக்கக்கூட எழுந்து போக மாட்டேன்.

சுற்றி வளைக்கிறேன் என்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பாய். வைத்தீஸ்வரன் சாருடைய ஸ்போர்ட்ஸ் கார் விஷயத்துக்கு வருகிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். கூரையில்லாமல் இரண்டு பேர் மட்டும் உட்காரும்படி பியட் இஞ்சினை வைத்து அவர் கட்டிய அந்தச் சிவப்பு வண்டியைக் கிறிஸ்துமஸ் லீவில் வந்தபோது ஷெட்டில் நீயே பார்த்தாய். ரேஸுக்காக இஞ்சினை முறுக்கிவிட்டதில் உள்ளே இருக்கும் எண்ணெய் ஆவியாகி, மூச்சுக்குழாய் வழியாக வந்து கார்புரேட்டருக்குள் போய், பிளக்கெல்லாம் கரி பிடித்துப் புகை கக்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு டப்பா வைத்தால் எண்ணெய் அதில் தங்கிவிடும், வெறும் காற்று மட்டும் வெளியே போகும் என்று நீ சொன்னாய். சார் அசந்து போனார். குரோம்பேட்டையில் இஞ்சின் சோதனைக்கு ஒரு கூடம் போடுகிறேன், ஜனவரி ரேஸ் முடியட்டும், உங்கள் பெண்ணைத்தான் அதற்குக் கூப்பிடப்போகிறேன் என்று என்னிடம் சொன்னார். நீ பூனா திரும்பும்போது ஸ்டேஷனில் அம்மாவிடம், அங்கே கம்பெனி வேலையையும் ஹாஸ்டல் சாப்பாட்டையும்கூடப் பொறுத்துக்கொள்வேன், நாள் முழுக்கத் தமிழில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் இருப்பதுதான் முடியவில்லை என்று சொன்னாயாமே. அதை அவள் என்னிடம் சொன்னபோது, ரேஸ் முடிந்ததும் என் பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்தேன்.

பூனா போனதும் நீ அந்த டப்பாவுக்குப் படம் போட்டு அனுப்பினாய். படத்தை ஒருமுறை பார்த்தேன். முப்பது வருஷமாகக் கண்ணாலும் காதாலும் இஞ்சின் பார்த்தவன், பெற்ற பெண் போட்ட படத்தைப் பார்த்து வேலை செய்வதா என்று ஒரு வீம்பு எனக்கு. பெருமையும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் வீம்புதான் முன்னால் நின்றது. அளவை மட்டும் தகர வேலை செய்யும் சவுரிமுத்துவிடம் வாசித்துக் காட்டிவிட்டுப் படத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவன் அலுமினியத்தில் ஒன்றரை லிட்டர் டப்பா அழகாக அடித்துக் கொடுத்தான், நடுவில் தடுப்புத் தகடு, அடியில் எண்ணெய் வடிக்க ஒரு திருகு. உள்ளே வைக்க அம்மாவின் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரில் இரண்டு உருண்டை எடுத்துப்போனேன், அதற்கு இன்றுவரை பேச்சு வாங்குகிறேன். இஞ்சினிலிருந்து வரும் குழாயை டப்பாவில் மாட்டினேன், கிளாம்ப் போட்டு முறுக்கினேன். டப்பாவின் தலையில் காற்று வெளியே போவதற்கு நீ காட்டியிருந்த ஓட்டையைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை தூசியில் இஞ்சினுக்கு நேராக ஒரு வாயைத் திறந்து வைப்பதா என்று ஒரு ரப்பர் கட்டையைச் செதுக்கி, சுத்தியலால் தட்டி அடைத்துவிட்டேன். சவுரிமுத்து பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, மேல அடச்சிட்டா காத்து எப்படி வெளிய போவும்?" என்று கேட்டான். டப்பா அடிப்பதோடு நிறுத்திக்கொள் என்று அவன்மேல் விழுந்தேன்.

ஜனவரி கடைசி ஞாயிறு, கோயிலுக்குப் போகாமல் அம்மாவின் கோபத்தையும் வாங்கிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்குப் போனோம். முதல் மூன்று சுற்று வண்டி பறந்தது. நாலாவது சுற்றில் அடியில் எண்ணெய் கொட்டிக்கொண்டே வந்து ஓரத்தில் நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்தால் ஆயில் அளக்கும் கம்பி எகிறி வெளியே கிடக்கிறது, முன்பக்கத்து சீல் பிதுங்கித் தொங்குகிறது, இஞ்சின் முழுக்க எண்ணெய்க் குளியல். சார் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, என்ன துரை இது என்று கேட்டார். அவருடைய நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். நான் பையிலிருந்து உன் படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, "பொண்ணு போட்டு அனுப்பின படத்துப்படிதான் சார் வெச்சேன்" என்று சொன்னேன். தபீ, அப்படித்தான் சொன்னேன். வாய் தவறி வரவில்லை, யாரும் மிரட்டவும் இல்லை. அவர்களில் ஒருவர், படிச்ச பொண்ணுங்க காகிதத்தோட நின்னுடணும் என்று சிரித்தார், அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். சவுரிமுத்து என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோரும் நகர்ந்த பிறகு அந்த ரப்பர் கட்டையைப் பிடுங்கினேன், உள்ளே தேங்கியிருந்த சூடான எண்ணெய் ஆவி என் முகத்தில் அடித்தது. வெளியே போக வழியில்லாத காற்றுதான் கம்பியையும் சீலையும் தள்ளியிருக்கிறது என்று அந்த நிமிஷமே தெரியும். தெரிந்தே ஐந்து வாரம் வாயைத் திறக்கவில்லை.

வைத்தீஸ்வரன் சார் ஏதாவது சொன்னாரா அப்பா என்று முதல் கடிதத்தில் கேட்டாய். இரண்டாவது கடிதத்தில், அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் எனக்காகப் போய்க் கேட்க வேண்டாம், உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியிருந்தாய்.  அதைப் படித்த பிறகுதான், முந்தாநாள் வெள்ளிக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன், அவள் கடைசிக் காய் வரைக்கும் நறுக்கி முடித்துவிட்டு, "அவளுக்கு லெட்டர் எழுதுறதுக்கு முன்னாடி அவர் வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்றாள். 

நேற்றுக் காலை அஸ்தினாபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்து உட்காருங்கள் என்று அவர் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன், படம் சரிதான் சார், ஓட்டையை அடைத்தது நான், பழியைப் பெண்மேல் போட்டதும் நான் என்று. அவர் உள்ளே போய் உன் படத்தை எடுத்து வந்து, மடிப்பைப் பிரித்து, திருப்பிக் காட்டினார். நான் அந்தக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்ததே இல்லையம்மா. பின்பக்கம் உன் கையெழுத்து. "அப்பா, தூசி உள்ள போயிடும்னு மேல் ஓட்டையை அடைச்சிடுவீங்க, எனக்குத் தெரியும். தயவுசெஞ்சு அடைக்காதீங்க. மெல்லிசுத் துணி ரெண்டு மடிப்பு கட்டினா போதும். கை ஜாக்கிரதை." எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது. அத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் எந்த இடத்தில் தப்பு செய்வேன் என்று தெரிந்து, என் மனசு நோகாமல் பின்பக்கத்தில் எழுதி அனுப்பியிருக்கிறாய். அந்தக் காகிதத்தையே நான் உனக்கு எதிராகச் சாட்சி வைத்திருக்கிறேன்.

சார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரேஸ் அன்னிக்கு வீட்டுக்கு வந்ததுமே இதைப் பார்த்துட்டேன் துரை. நீங்களா வந்து சொல்றீங்களான்னுதான் இருந்தேன். வராமலே போயிருந்தா நான் அவளைக் கூப்பிட்டிருக்க மாட்டேன். அவ மேல சந்தேகம் இல்லை, அப்பா சொன்ன பொய்க்குப் பக்கத்துல நின்னு அவ எப்படி வேலை செய்வா?" இனிமேல் வண்டி என் ஷெட்டுக்கு வராது என்றும் சொல்லிவிட்டார். போகட்டும், அதற்கு நான் தகுதியானவன்தான். அன்று சுற்றி நின்ற அத்தனை பேரிடமும் உண்மையைச் சொல்வதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரை நேற்றே பார்த்துவிட்டேன், அந்தச் சிரித்த மனிதரை நாளைக்குப் பல்லாவரத்தில் பார்க்கிறேன். சவுரிமுத்துவிடமும் சொன்னேன், அவன் வுடுண்ணே என்றான்.

உன்னை வேலைக்குக் கூப்பிட்டு சார் இந்த வாரம் தனியாகக் கடிதம் போடுகிறார். வருவதும் வராததும் உன் இஷ்டம். அப்பா பாவம், வருத்தப்படுகிறார் என்று நினைத்து வராதே, அப்பாமேல் உள்ள கோபத்தில் வராமலும் இருந்துவிடாதே. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை, எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. இப்போது கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு அம்மா.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள், சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொன்னாள். உடனே பதில் போடு. திட்டி எழுதினாலும் சரி, எதையும் முன்பக்கத்தில் எழுது, பின்பக்கத்தில் எழுது, இனிமேல் இரண்டு பக்கமும் படிப்பேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
துரை.